பனிச்சரிவு: 3-ஆம் எண் ஏன் அதிகமா கொல்லுது?

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



கடலோரத்துல இருக்குற நமக்கு எண் போட்டு வர்ற எச்சரிக்கை ரொம்பப் பழக்கம். நவம்பர், டிசம்பர்ல "சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்"னு நியூஸ்ல ஓடும். உடனே வீட்டுல யாராவது கேப்பாங்க, "எத்தனாம் நம்பர்?" 1, 2 வந்தா தூரத்துல ஏதோ உருவாகுது. 3, 4 வந்தா துறைமுகத்துக்கே பலத்த காத்தும் மோசமான வானிலையும் வரலாம். 5-ல இருந்து 7 வரைக்கும் அபாயம், 8-ல இருந்து 10 வரைக்கும் பெரிய அபாயம். 11 வந்தா வானிலை மையத்தோட தொடர்பே அறுந்துடுச்சுன்னு அர்த்தம்.

பனி மலைக்கும் இதே மாதிரி எண் இருக்கு. பனிச்சரிவு அபாயத்தை 1-ல இருந்து 5 வரைக்கும் பிரிச்சு, தினம் அறிக்கை விடுற வழக்கம் பல நாடுகள்ல உண்டு. 1 குறைவு, 2 மிதமானது, 3 கணிசமானது, 4 அதிகம், 5 மிக அதிகம். இப்போ ஒரு கேள்வி. இதுல எந்த எண் போட்ட நாள்ல அதிகம் பேர் சாகுறாங்க?

5-னு சொல்லத் தோணும். ஆனா சுவிட்சர்லாந்துல பல வருஷமா கணக்கு வெச்சிருக்காங்க. அங்க பனிச்சரிவுல இறந்தவங்கள்ல சுமார் பாதிப் பேர் 3-ஆம் எண் நாள்ல இறந்தவங்க. ஏன்னு இன்னைக்கு முழுசா பார்க்கப் போறோம்.

ராயபுரத்துல உக்காந்துக்கிட்டு இது எதுக்கு?

ரெண்டு காரணம். ஒண்ணு, நம்ம ஆளுங்க போறாங்க. டிசம்பர், ஜனவரி வந்தா சென்ட்ரல்ல டெல்லி ரயிலுக்கு நிக்கிற கூட்டத்துல பெரிய ரக்சாக்கோட நாலு பேரைப் பார்க்கலாம். கேதார்காந்தா மாதிரி குளிர்கால ட்ரெக் இப்போ சகஜம். முதல் முறை பனியைத் தொடப்போறவங்கதான் இதுல நிறைய.

ரெண்டாவது காரணம் 2016. பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சின்ல, சுமார் 19,600 அடி உயரத்துல இருந்த ஒரு ராணுவ முகாம் பனிக்குள்ள புதைஞ்சுது. உள்ள இருந்த 10 பேரும் மெட்ராஸ் ரெஜிமெண்டோட 19-ஆவது பட்டாலியன். அதுல 4 பேர் தமிழ்நாட்டுக்காரங்க. வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்தவங்க. கர்நாடகாவைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் மட்டும் ஆறு நாள் கழிச்சு உயிரோட கிடைச்சார். பிப்ரவரி 11 டெல்லி ஆஸ்பத்திரியில அவரும் போயிட்டார். அங்க நடந்தது, மேல நின்ன பெரிய பனிக்கட்டிச் சுவர் இடிஞ்சு முகாம் மேல விழுந்தது. அது ஒரு வகை. ட்ரெக் போறவங்களையும் பனிச்சறுக்கு ஆடுறவங்களையும் அதிகமா கொல்றது வேற வகை. அதுக்குப் பேர் பாளச் சரிவு. அதைத்தான் இப்போ புரிஞ்சுக்கப் போறோம்.

ஐஸ் பெட்டியும் ரேஷன் சர்க்கரையும்

தூரத்துல இருந்து பார்த்தா பனி ஒரே வெள்ளை. வெட்டிப் பார்த்தா அடுக்கு அடுக்கா இருக்கும். ஒவ்வொரு பனிப்பொழிவும் ஒரு அடுக்கு. நடுவுல வெயில் அடிச்ச நாள், காத்து அடிச்ச நாள், கடுங்குளிர் ராத்திரி எல்லாம் அந்தந்த அடுக்கோட குணத்தை மாத்தும். சில அடுக்கு கெட்டி, சிலது சொத்தை.

கெட்டி அடுக்கு எப்படி உருவாகுதுன்னு தெரிஞ்சுக்க காசிமேடு போனாப் போதும். மீன் பெட்டியில தூள் ஐஸ் கொட்டி வைப்பாங்க. கொட்டும்போது உதிரியா இருக்கும். காலையில பார்த்தா ஒரே பாளமா இறுகிக் கிடக்கும், குத்தித்தான் எடுக்கணும். ஐஸ் துகள்கள் தொட்டுக்கிட்டு இருந்தா, தொடுற இடத்துல மெல்ல மெல்ல ஒட்டிக்கும். மலையிலயும் அதேதான். விழுந்த பனி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இறுகுது.

சொத்தை அடுக்கு இதுக்கு நேரெதிர். பனிக்கு அடியில இருக்குற தரை கிட்டத்தட்ட 0 டிகிரியில இருக்கும். மேல காத்து மைனஸ் 15, மைனஸ் 20. நடுவுல பனி அரை மீட்டர்தான்னு வைங்க. அந்தக் கொஞ்ச தூரத்துக்குள்ள இவ்வளவு வெப்ப வித்தியாசம் இருந்தா, அடியில இருக்குற ஈரம் ஆவியா மேல ஏறும். ஏறுற வழியில பனித்துகள்கள் மூலை மூலையா, பளபளன்னு பெரிய மணிகளா மாறிடும். கையில எடுத்தா ரேஷன் கடை சர்க்கரை மாதிரி கொட்டும். எவ்வளவு அழுத்தினாலும் உருண்டை பிடிக்க முடியாது.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு. பனி எவ்வளவு மெல்லிசா இருக்கோ, இந்த மாற்றம் அவ்வளவு வேகமா நடக்கும். "இந்த வருஷம் பனி கம்மி, பயம் இல்ல"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சீசன் தொடக்கத்துல விழுந்த கொஞ்சப் பனி சர்க்கரையா மாறி, மாசக்கணக்குல அடியிலயே இருக்கலாம்.

இன்னொரு சொத்தை அடுக்கும் உண்டு. டிசம்பர், ஜனவரியில ஊட்டிப் புல்வெளி மேல வெள்ளையா உறைபனி படிஞ்ச படம் பார்த்திருப்பீங்க. பனி மலையிலயும் தெளிஞ்ச, காத்தில்லாத ராத்திரியில மேற்பரப்புல அது இறகு இறகா வளரும். பார்க்க அவ்வளவு அழகு. அது கலையுறதுக்குள்ள மறுநாள் புதுப்பனி மேல விழுந்து மூடிட்டா, அந்த அழகே சொத்தை அடுக்கு ஆயிடும்.

கேரம் போர்டைச் சாய்ச்சுப் பாருங்க

இப்போ சர்க்கரை அடுக்கு மேல கெட்டிப் பாளம் ஒண்ணு உக்காந்திருக்கு. வீட்டுல கேரம் போர்டு இருந்தா பவுடர் தூவி, அதுமேல ஒரு கனமான நோட்டை வெச்சு, போர்டை மெதுவா சாய்ங்க. ஒரு கட்டம் வரைக்கும் நோட்டு அசையாது. அப்புறம் முழு நோட்டும் மொத்தமா வழுக்கும். பாளச் சரிவுன்னா இதுதான்.

ஒரு வித்தியாசம் இருக்கு. மலையில போர்டை யாரும் சாய்க்கிறதில்ல. சாய்வு ஏற்கெனவே இருக்கு. குறைவது ஒரு தட்டு. அந்தத் தட்டு நம்ம கால். பாளத்துக்கு அடியில சொத்தை அடுக்கு ஒரு இடத்துல நொறுங்கினா, அந்த விரிசல் சீட்டுக்கட்டு சரியுற மாதிரி பக்கத்துக்குப் பக்கம் ஓடும். கண் மூடித் திறக்கிறதுக்குள்ள நூறு மீட்டர் அகலத்துக்குப் பாளம் அறுந்துடலாம். சரிவுக்குக் கீழ, சமதரையில நடக்குறவங்க காலடி கூட மேல இருக்குற பாளத்தை அறுத்துவிட முடியும்.

பனிச்சறுக்கு, மலையேற்றம் போய் பனிச்சரிவுல சிக்கினவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்துல, சரிவைக் கிளப்பி விட்டது அவங்களேதான், இல்லன்னா அவங்க குழுவுல ஒருத்தர்தான். புயல் நம்மளைத் தேடி வருது. பாளச் சரிவுக்கு நாமதான் தேடிப் போறோம்.

எவ்வளவு சாய்வு?

பாளச் சரிவு பெரும்பாலும் 30 டிகிரியில இருந்து 45 டிகிரி வரைக்கும் சாய்வு இருக்குற இடத்துல நடக்கும். 30-க்குக் கீழ வழுக்குற அளவு இழுவை பொதுவா கிடைக்காது. ரொம்பச் செங்குத்தா இருந்தா பனி தங்காம, கொஞ்சம் கொஞ்சமா அப்பப்போ உதிர்ந்துடும்.

30 டிகிரின்னா எவ்வளவு? வீட்டு மாடிப்படி ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது, பார்த்தா பயமே வராத சாய்வு. ஏறவும் நல்லா இருக்கும், சறுக்கவும் நல்லா இருக்கும். அதனாலதான் கண்ணை நம்பாம அளக்கச் சொல்றாங்க. போன்ல லெவல் பார்க்குற ஆப் இருந்தாலே போதும். ட்ரெக்கிங் கம்பைச் சரிவு மேல படுக்க வெச்சு, அதுமேல போனை வெச்சா டிகிரி தெரியும். பனியைப் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்களும் இந்த ஒரு அளவை எடுக்க முடியும். 30-க்குக் கீழ இருக்குற சரிவுல, மேலயும் செங்குத்தா எதுவும் இல்லாத இடமாப் பார்த்து நடந்தா, ஆபத்துல பெரும்பகுதி அதோட போச்சு.

மலை குடுக்குற சிக்னல்

கெட்ட செய்தியை மலை சில நேரம் நேரடியாவே சொல்லிடும். அஞ்சு அடையாளம் ஞாபகம் வெச்சுக்குங்க.

பக்கத்துல அதே மாதிரி சரிவுல புதுசா பனி சரிஞ்சிருக்கு. இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

நடக்கும்போது காலடியில "வும்ஃப்"னு ஒரு அமுங்குற சத்தம். சொத்தை அடுக்கு நொறுங்குற சத்தம் அது. நீங்க நிக்கிறது சமதரையா இருந்ததால தப்பிச்சீங்கன்னு அர்த்தம்.

கால் வெச்ச இடத்துல இருந்து பனியில விரிசல் ஓடுது.

கடைசி ஒரு நாள்ல கனமான பனிப்பொழிவு, இல்லன்னா பலத்த காத்து. காத்து ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்துல கொட்டும். வானத்துல இருந்து ஒரு சொட்டுகூட விழாத நாள்லயும், காத்து மறைவுப் பக்கத்துல புதுப்பாளம் உருவாகிட்டே இருக்கும்.

திடீர்னு வெப்பம் ஏறுது. பனி ஈரமாகி கனக்குது, ஒட்டு தளருது.

இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் அந்தச் சரிவை விட்டுடணும். ரெண்டாவது அடையாளத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்ல.

பயிற்சி எடுத்தவங்க இதுக்கு மேல குழி வெட்டிப் பார்ப்பாங்க. பனியில குழி தோண்டி, 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர்ல ஒரு தூணைத் தனியாப் பிரிச்சு, அதுமேல மண்வெட்டியோட தட்டையான பக்கத்தை வெச்சுத் தட்டுவாங்க. மணிக்கட்டுல இருந்து 10 தட்டு, முழங்கையில இருந்து 10, தோள்ல இருந்து 10. எத்தனாவது தட்டுல, எந்த அடுக்குல, எப்படி அறுபடுதுன்னு பார்ப்பாங்க. சீக்கிரமே, பளிச்சுனு வெட்டின மாதிரி அறுந்தா ஆபத்து.

ஆனா அவங்களே ஒரு விதி வெச்சிருக்காங்க. குழி கெட்ட பதில் சொன்னா திரும்பிடணும். நல்ல பதில் சொன்னா, அது போறதுக்கான அனுமதி ஆகாது. ஏன்னா குழி ஒரு இடத்தைப் பத்தித்தான் சொல்லும். அம்பது மீட்டர் தள்ளி கதை வேறயா இருக்கலாம்.

நாம சரிவுல இல்லாட்டியும்

2025 பிப்ரவரி 28. உத்தராகண்ட்ல பத்ரிநாத்துக்குப் பக்கத்துல மாணா கிராமம். அங்க எல்லைச் சாலை அமைப்போட தொழிலாளர் முகாம் மேல பனிச்சரிவு வந்துச்சு. 54 பேர் சிக்கினாங்க. 46 பேரை மீட்டாங்க, 8 பேர் இறந்துட்டாங்க. அவங்க யாரும் மலை ஏறல, சறுக்கல. வேலை செஞ்ச இடத்துல தங்கியிருந்தாங்க. மேல இருந்த சரிவு கீழ வந்துச்சு.

எண்ணூர் நெடுஞ்சாலையில வரிசை கட்டி நிக்கிற டிரெய்லர் மேல பார்க்குறோமே, அந்த மாதிரி இரும்பு கண்டெய்னர்லதான் பல பேர் தங்கியிருந்தாங்க. பனி புரட்டிப் போட்டாலும் உள்ள காத்து இருந்ததால நிறைய பேர் பிழைச்சாங்க.

இதுல இன்னொரு விஷயம். இந்தியாவுல பனிச்சரிவு எச்சரிக்கை தர்றது சண்டிகர்ல இருக்குற டிஜிஆர்இ. டிஆர்டிஓவோட ஆய்வகம். 1969-ல மணாலியில தொடங்கின பனி ஆய்வு நிறுவனமும் இன்னொரு ஆய்வகமும் சேர்ந்து 2020-ல இந்தப் பேருக்கு மாறுச்சு. மாணா சம்பவத்துக்கு முந்தின நாள் சாயந்தரமே, சமோலி உட்பட சில மாவட்டங்கள்ல 2,400 மீட்டருக்கு மேல பனிச்சரிவு வரலாம்னு டிஜிஆர்இ எச்சரிச்சிருந்தது. மாணா 3,000 மீட்டருக்கும் மேல இருக்கு.

அறிக்கை ஒரு மாவட்டத்துக்குச் சொல்லும். உங்க கூடாரத்துக்கு மேல என்ன தொங்குதுன்னு அது சொல்லாது. அதை நீங்கதான் அண்ணாந்து பார்க்கணும்.

சரி, ஏன் 3?

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். 4, 5 நாள்ல பனி கொட்டிக்கிட்டே இருக்கும், சாலை மூடியிருக்கும், யாரும் வெளிய போக மாட்டாங்க. அந்த நாட்களும் கம்மி. 3 வேற மாதிரி. புயல் போயாச்சு, வானம் நீலம், புதுப்பனி, போட்டோவுக்கு ஏத்த வெளிச்சம். தானா சரியுற வாய்ப்பு குறைஞ்சிருக்கும். ஆனா ஆள் கால் வெச்சா சரியுற வாய்ப்பு அதிகமாவே இருக்கும். 3-ஓட அர்த்தமே அதுதான். அஞ்சுல மூணு நடுவுல இருக்கிறதால "சுமார்"னு மனசு எடுத்துக்குது.

இந்த மனசு விஷயத்தை அமெரிக்காவுல இயன் மக்கேமன்னு ஒருத்தர் ஆராய்ந்தார். 715 பனிச்சரிவு விபத்துகளை எடுத்துப் பார்த்தார். ஆபத்தோட அடையாளம் கண்ணுக்கு முன்னாடி தெரிஞ்சும் பல குழுக்கள் உள்ள போயிருக்காங்க. அறிவு குறைவுன்னு மட்டும் அதைச் சொல்லிட முடியாது. பழகின இடம்னு தைரியம். முடிவு எடுத்தாச்சு, மாத்த மனசில்ல. குழுவுல அனுபவசாலி ஒருத்தர் இருக்கார், அவருக்குத் தெரியும். மத்த குழுவும் போறாங்களே. இப்படிச் சில குறுக்குவழியில மூளை முடிவு எடுத்துடுது.

நம்ம ஊர்ல இருந்து போறவங்களுக்கு இதுல கடைசிவரை துரத்துறது ரெண்டாவதுதான். மூணு மாசம் முன்னாடி டிக்கெட், ஆபீஸ்ல கெஞ்சி வாங்கின லீவ், கட்டின பணம், ரெண்டு நாள் ரயில். உச்சி ரெண்டு மணி நேரத்துல இருக்கும்போது "திரும்பலாம்"னு சொல்ல யாருக்கு வாய் வரும்?

அனுபவம் மட்டும் காப்பாத்தாது. 2022 அக்டோபர் 4-ஆம் தேதி, உத்தர்காசி நேரு மலையேற்ற நிறுவனத்தோட பயிற்சிக் குழு திரௌபதி கா டண்டா-2 சிகரத்துல பனிச்சரிவுல சிக்குச்சு. 25 பேருக்கு மேல இறந்தாங்க. அதுல ஒருத்தர் பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வால். அந்த வருஷம் மே மாசம்தான் எவரெஸ்ட்டையும் மகாலுவையும் 16 நாள் இடைவெளியில ஏறினவங்க. மலை யாரோட சர்டிபிகேட்டையும் பார்க்குறதில்ல.

புதைஞ்சா எவ்வளவு நேரம்?

சுருக்கமா சொல்லிடுறேன். முழுசா புதைஞ்சவங்களை முதல் 10, 15 நிமிஷத்துக்குள்ள எடுத்தா பத்துல ஒன்பது பேர் வரைக்கும் பிழைக்கலாம். அரை மணி தாண்டினா மூணுல ஒருத்தர்தான். சரிவு நின்ன அடுத்த நொடி பனி கான்கிரீட் மாதிரி இறுகிடும். ஐஸ் பெட்டியில பார்த்த அதே ஒட்டுதல்தான், இங்க வேகமா நடக்குது. விரலைக்கூட அசைக்க முடியாது. கீழ இருந்து மீட்புப் படை வர்றதுக்குள்ள அந்த நேரம் முடிஞ்சிடும். பக்கத்துல இருக்குறவங்கதான் தோண்டி எடுக்கணும். அதுக்கு ஒவ்வொருத்தர்கிட்டயும் மூணு பொருள் வேணும்: சிக்னல் அனுப்புற டிரான்ஸீவர், குத்திப் பார்க்குற நீளக் கம்பி, மண்வெட்டி. ஒருத்தர்கிட்ட மட்டும் இருந்தா, புதையுறது அவராவே இருந்துட்டா என்ன பண்றது?

பணம் கட்டுறதுக்கு முன்னாடி

குளிர்கால ட்ரெக் புக் பண்றீங்கன்னா, நடத்துறவங்ககிட்ட இந்தக் கேள்விகளைக் கேளுங்க. பதில் எழுத்துல வந்தா நல்லது.

பாதையில 30 டிகிரிக்கு மேல இருக்குற சரிவு எங்கெங்க வருது? அதைக் கடக்குறோமா, அதுக்குக் கீழ போறோமா?

கூடாரம் போடுற இடத்துக்கு மேல என்ன இருக்கு?

டிஜிஆர்இ அறிக்கையையும் வானிலை அறிக்கையையும் தினம் யார் பார்க்குறாங்க? மேல சிக்னல் இல்லாத இடத்துல அது எப்படி வந்து சேரும்?

பெரிய பனிப்பொழிவுக்கு அப்புறம் எத்தனை நாள் நிறுத்தி வைப்பீங்க?

திரும்புற முடிவை யார் எடுப்பாங்க? திரும்பினா பணம் என்ன ஆகும்?

கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாம கேளுங்க. பணம் போயிடும்னு பயம் இருக்குற குழு தப்பான முடிவு எடுக்கும். உங்க குழுவுக்குள்ளயும் கிளம்புறதுக்கு முன்னாடியே ஒரு விதி பேசிக்குங்க: யாராவது ஒருத்தர் "வேணாம்"னு சொன்னா, அது புதுசா வந்தவராவே இருந்தாலும், காரணம் கேக்காம எல்லாரும் திரும்பணும். சூடான வீட்டுல, வயிறு நிறைஞ்சிருக்கும்போது இந்த முடிவு எடுக்குறது சுலபம். உச்சிக்குக் கீழ நிக்கும்போது ரொம்பக் கஷ்டம்.

இந்தச் சீசன்ல போற ஃப்ரெண்ட்ஸ் யாராவது இருந்தா இதை அனுப்பி வைங்க. கேள்வி இருந்தா எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.